உடல் பருமனான 14 வயதுப் பையனின் சர்க்கரை நோய்: டைப் 1-ஆ, டைப் 2-ஆ?

வயது 14, எடை 76 கிலோ, உயரம் 161 செ.மீ., பிஎம்ஐ 29. ஊர் திண்டுக்கல் பக்கம். பிடரியில் கறுப்புப் படலம் (இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்) இருந்ததால் டைப் 2 என்றே வைத்து மெட்ஃபார்மின் மாத்திரை 500 மி.கி. இரு வேளை, அடுத்த வாரம் 1000 இரு வேளை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 310-ஐ விட்டு இறங்கவேயில்லை. ஐந்து வாரத்தில் 7 கிலோ போனது. (வீட்டில் இதை டயட்டின் வெற்றி என்று நினைத்துவிட்டார்கள்.) யூரின் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பைக் கரைப்பதன் அடையாளம்) 2+ வந்த அன்றே இன்சுலின்: இரவு கிளார்ஜின் (நீண்ட நேரம் வேலை செய்வது) 20 யூனிட், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் லிஸ்ப்ரோ (வேகமாக வேலை செய்வது) 6 யூனிட். இப்போது 130-150.

ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது) 11.8. சி-பெப்டைட் (உடல் தானே சுரக்கும் இன்சுலினைக் காட்டுவது) 1.1, ஆனால் எடுத்தபோது சர்க்கரை 340. அந்த உச்சத்தில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் தற்காலிகமாகச் சுணங்கிக் குறைத்துக் காட்டும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. டைப் 1-ஐக் காட்டும் ஆன்டிபாடிகளில் ஒன்றான ஜிஏடி65 பாசிட்டிவ், கட்-ஆஃபை ஒட்டி.

'டைப் 1 ஒல்லிப் பிள்ளைகளுக்குத்தான் வரும்' என்று யாரும் சொல்ல வேண்டாம். எடை கூடினால் பீட்டா செல்லின் வேலைப்பளு கூடி டைப் 1 முன்கூட்டியே வெளிப்படலாம் என்பதுதான் 2001-இல் டெரன்ஸ் வில்கின் சொன்ன ஆக்சிலரேட்டர் கருதுகோள்.

இன்னொரு ஆன்டிபாடியும் பாசிட்டிவ் என்றால் சந்தேகம் தீரும். இன்சுலின் ஆன்டிபாடி இனி உதவாது, ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. கேட்ட இரண்டு லேபிலும் ஜிஏடி மட்டும்தான்.

மதுரை, திருச்சி வட்டாரத்தில் ஐஏ-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 ஆகிய மற்ற இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் சாம்பிள் எடுக்கும் லேப் எது?