வெள்ளி லூரில் எல்இடி புள்ளி விழுகிறது, ஓரம் கரைகிறது: என்ன செய்யலாம்?

சந்தேகம்:
விற்பனைக்காக 90 மிமீ மின்னோ லூர்களை (சின்ன மீன் வடிவிலான தூண்டில் செயற்கை இரை) படம் எடுக்கிறேன். 40 செமீ மடக்கு லைட் பாக்ஸ், மேலே இரண்டு எல்இடி பட்டை, பவர் பேங்கில் ஓடுகிறது. 60 மிமீ மேக்ரோ லென்ஸ், அப்பெர்ச்சர் எஃப்/4, ஷட்டர் 1/500 நொடி. வெள்ளி உடம்பில் எல்இடிகள் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாகத் தெரிகின்றன. முதுகும் வயிறும் வெள்ளைப் பின்னணியில் கரைந்துவிடுகின்றன. டிம்மரைக் குறைத்தால் படம் முழுக்கக் குறுக்குக் கோடுகள். பளபளப்பைக் குறைக்கும் சிபிஎல் (போலரைசிங்) ஃபில்டரைச் சுற்றியும் பயனில்லை. என்ன தவறு?

பதில் 1:
சிபிஎல் தோற்றதில் ஆச்சரியமில்லை. மேல் வார்னிஷில் விழும் பளபளப்பை ஓரளவு குறைக்கும்; அடியில் இருக்கும் உலோகப் பூச்சின் பிரதிபலிப்பை ஒன்றும் செய்யாது. கழற்றி வையுங்கள், வெளிச்சமாவது மிச்சம்.

வெள்ளி லூர் ஒரு வளைந்த கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எல்இடி பட்டைக்குக் கீழே 8–10 செமீ இறக்கி ஒரு டிரேசிங் பேப்பரைக் கட்டுங்கள். பட்டையோடு ஒட்டினால் புள்ளி புள்ளியாகவேதான் இருக்கும். இடைவெளி விட்டால்தான் வெளிச்சம் பரவி, உடம்பில் ஒரே நீள வெண்பட்டையாக விழும்.

ஓரம் கரைவதற்கும் காரணம் அதே கண்ணாடிதான். சுற்றிலும் வெள்ளைச் சுவர், லூரும் வெள்ளையையே காட்டுகிறது. 3 செமீ அகலக் கறுப்புச் சார்ட் அட்டையை லூருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஃபிரேமுக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். முதுகிலும் வயிற்றிலும் மெல்லிய கருங்கோடு வரும். அட்டையை ஒரு செமீ நகர்த்தினாலே கோட்டின் தடிமன் மாறும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே நகர்த்துங்கள்.

பதில் 2:
கோடுகளுக்குக் காரணம் டிம்மர். மலிவான டிம்மர்கள் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும். 1/500இல், அதுவும் எலக்ட்ரானிக் ஷட்டரில், அது அப்படியே பதிவாகும். டிம்மரை முழுசாக வையுங்கள். டிரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/11, ஷட்டர் 1/15 பக்கம், 2 நொடி டைமர். எஃப்/4இல் லூரின் கண் ஷார்ப்பாக இருந்தால் முன்பக்க டைவிங் லிப் (லூரைத் தண்ணீரில் மூழ்கவைக்கும் தகடு) மங்கும். எஃப்/16க்கு மேல் போகாதீர்கள், மொத்தப் படமும் மென்மையாகிவிடும்.

அறை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் வெள்ளி வயிறு ஒருபக்கம் பச்சையடிக்கும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது தலைவலி.

பதில் 3:
பதில் 1 சொன்னது சாதா வெள்ளிக்குச் சரி. ஹோலோகிராம் ஃபாயில் ஒட்டிய லூருக்கு அது மட்டும் போதாது. அந்த வானவில் நிறம் தெரிய சின்ன, கூர்மையான ஒளி வேண்டும். எல்லாம் டிரேசிங் பேப்பர் வழியாக வந்தால் ஃபாயில் வெறும் சாம்பலாகத் தெரியும். பேப்பர் இருக்கட்டும், பக்கவாட்டில் ஒரு செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். கோணத்தை மாற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் செதில்கள் சட்டென்று நிறம் பிடிக்கும்.

சந்தேகம் கேட்டவர்:
கறுப்பு அட்டையும் டிரேசிங் பேப்பரும் வேலை செய்தன, நன்றி. குறுக்குக் கோடுகளும் போச்சு. ஆனால் பின்னணி இப்போது சாம்பலாக வருகிறது. சார்ட்ரூஸ் (மஞ்சள் கலந்த பளிச் பச்சை) நிற லூரோ நேர்மாறு, செதில் கோடே தெரியாமல் ஒரே பச்சைத் திட்டு.

பதில் 2:
வெள்ளை அதிகம் இருந்தால் கேமராவின் ஒளி மீட்டர் அதைச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளி லூருக்கு எக்ஸ்போஷர் +0.7 அல்லது +1. சார்ட்ரூஸ் ஃபுளோரசன்ட் நிறம், பச்சைச் சேனல் முதலில் நிரம்பிவிடும். அதற்கு அங்கிருந்து 2/3 ஸ்டாப் இறக்குங்கள், ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் சிவப்பு, பச்சை, நீல ஒளி வரைபடம்) பச்சை வலது சுவரில் முட்டாமல் இருக்கணும். பின்னணியை எடிட்டிங்கில் வெளுத்துக்கொள்ளலாம். நிரம்பிய நிறத்தை மீட்க முடியாது.

பதில் 1:
இன்னொன்று. ட்ரெபிள் ஹூக்குகள் (மூன்று முனைத் தூண்டில் முட்கள்) ஆளுக்கொரு பக்கம் தொங்கினால் படம் கெடும். ஹூக்கை லூரோடு இணைக்கும் ஸ்பிளிட் ரிங்குக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத பக்கம், கடுகளவு புளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய பசைமாவு) வைத்து ஒரே கோணத்தில் நிறுத்துங்கள். கடைசியாக மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். ரேகை மேக்ரோவில் பளிச்சென்று தெரியும்.