தில்லியில் இரண்டே நாள்: ஆக்ராவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்து விமானத்தில் புறப்பட்டுத் தில்லி சென்று, ஞாயிறு இரவு ஒன்பது மணி விமானத்தில் திரும்புவதாகப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். உடன் வருபவர்கள் 67 வயதாகும் என் தாயாரும், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளும். தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நன்றாகவே நடப்பார், படிகளைக் கண்டால்தான் தயங்குவார். மகளுக்கு இந்த ஆண்டுப் பாடத்தில் தில்லி சுல்தான்களும் முகலாயர்களும் வருவதால், பாடப் புத்தகத்தில் படத்தோடு உள்ளதையெல்லாம் நேரில் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள்.

இதுவரை நான் போட்டுவைத்திருக்கும் திட்டம் இதுதான்: சனிக்கிழமை விடியற்காலையில் காரில் ஆக்ரா சென்று தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு இரவு திரும்புவது; ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை, ஜும்மா மசூதி, குதுப் மினார், தாமரைக் கோவில், அட்சர்தாம், இந்தியா கேட் ஆகியவற்றை முடித்துக்கொண்டு அப்படியே விமான நிலையம் செல்வது. அலுவலகத்தில் தில்லியில் பணியாற்றிய நண்பர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனவே தில்லியை அறிந்தவர்கள் சொல்லுங்கள். எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது? வாடகைக் கார் நல்லதா, மெட்ரோ போதுமா? எந்தப் பகுதியில் தங்கினால் அலைச்சல் குறையும்?

கரோல்பாக்வாசி எழுதியது:

வணக்கம் பொருநை அவர்களே. உங்கள் நண்பர் ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரிகிறது. இருபது ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர் ஒவ்வொருவரும் கையில் கொண்டுவருவது ஏறத்தாழ இதே பட்டியலைத்தான். அதில் உள்ள இடங்கள் எதுவும் தவறில்லை. எந்த இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்வதில்லை. செங்கோட்டையும் ஜும்மா மசூதியும் வடக்கே பழைய தில்லியில், குதுப் மினார் தெற்கே மெஹ்ரௌலியில், அட்சர்தாம் யமுனைக்குக் கிழக்கே. இவற்றை ஒரே நாளில் கோத்தால் பாதி நாள் வண்டியின் சன்னல் வழியாகப் பாலங்களைத்தான் பார்ப்பீர்கள்.

முதலில் ஆக்ராவை விட்டுவிடுங்கள். காரில் போக மூன்றரை மணி நேரம், வர அதே அளவு. ஏழு மணி நேரம் மடங்கிய காலோடு உட்கார்ந்திருப்பது உங்கள் தாயாருக்குச் சரிப்படாது. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை கூட்டமும் கூடுதலாகவே இருக்கும்.

சனிக்கிழமையைத் தெற்கிற்கும் ஞாயிற்றுக்கிழமையை வடக்கிற்கும் கொடுங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் குதுப் மினார் வளாகத்தில் இருந்தால், வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன் நிதானமாகச் சுற்றலாம். எல்லோரும் சுமார் 73 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மகளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள பழைய மசூதியின் தூண்களுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். சங்கிலியில் மணி தொங்குவது போன்ற செதுக்கல்கள் அவற்றில் தெரியும். நம்மூர்க் கோவில் மண்டபங்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை எங்கிருந்து வந்தவை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த முற்றத்தின் நடுவில்தான் குப்தர் காலத்து இரும்புத் தூண் நிற்கிறது. 1,600 ஆண்டுகளாகத் துருப்பிடித்து உதிராமல் நிற்பதற்கு, அந்த இரும்பில் உள்ள மிகுதியான பாஸ்பரஸ் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியதே காரணம் என்று உலோகவியலாளர்கள் விளக்குகிறார்கள். முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கோத்துக் கட்டிப்பிடிப்பார்கள். இப்போது சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். கோபுரத்தின் உள்ளே ஏற 1981-ஆம் ஆண்டு விபத்துக்குப் பிறகு அனுமதியில்லை என்பதால், படி ஏறுவது பற்றித் தாயார் கவலைப்பட வேண்டாம்.

பிற்பகலில் ஹுமாயூன் கல்லறை. கணவர் இறந்தபின் பேகா பேகம் முன்னின்று கட்டுவித்த இக்கட்டடம் 1570-களின் தொடக்கத்தில் நிறைவடைந்தது. தாஜ்மகாலுக்கு முன்னோடி என்று கருதப்படுவது. ஆக்ராவுக்குப் போகாத குறையை இது பெருமளவு தீர்த்துவிடும். 1857-இல் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபர் அடைக்கலம் புகுந்து பிடிபட்டதும் இங்கேதான் என்று மகளிடம் சொல்லுங்கள். வம்சத்தின் இரண்டாம் அரசரின் கல்லறையில் கடைசி அரசர் பிடிபட்டார் என்பது குழந்தைகளுக்கு மறக்காது. மேடைக்கு ஏறும் படிகள் மட்டும் செங்குத்தானவை. தாயார் கீழே தோட்டத்தில் அமர்ந்துகொள்ளட்டும். நான்காகப் பகுத்த அந்தத் தோட்டத்தையும் நீரோடைகளையும் கீழிருந்தே பார்த்து ரசிக்கலாம்.

ஞாயிறு காலை செங்கோட்டை, அதன்பின் ஜும்மா மசூதி. அட்சர்தாமுக்குக் கைப்பேசி, கைப்பை எதையும் கொண்டுபோக முடியாது; அவற்றை ஒப்படைக்க ஒரு வரிசை, உள்ளே நுழைய ஒரு வரிசை, திரும்பப் பெற ஒரு வரிசை என்று அரை நாள் போய்விடும். இந்தமுறை வேண்டாம்.

தங்குவதற்குக் கரோல் பாக் அல்லது கன்னாட் பிளேஸ் அருகே பாருங்கள். என் பேட்டை என்பதற்காகச் சொல்லவில்லை. மெட்ரோ வசதியும் நம்மூர்ச் சாப்பாடும் அருகிலேயே கிடைக்கும்.

பாதசாரி எழுதியது:

கரோல்பாக்வாசி ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி. ஆனால் ஆக்ராவைப் பற்றி இவ்வளவு கறாராகத் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். காரில் போவதுதான் தவறு. ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை எட்டு மணியளவில் புறப்படும் கதிமான் விரைவு ரயில் சுமார் 100 நிமிடங்களில் ஆக்ராவை அடைந்துவிடுகிறது. மாலையில் அதே ரயிலில் திரும்பலாம். தாயாருக்குக் கால் நீட்டவும் எழுந்து நடக்கவும் இடமுண்டு. ஒரு முழு நாளை அது எடுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் 67 வயதில் முதன்முறை வடக்கே வரும் ஒருவர், வாழ்நாளெல்லாம் நாட்காட்டியில் பார்த்த தாஜ்மகாலை நேரில் காண ஆசைப்பட்டால், குதுப் மினாரைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியுமா? பொருநை அவர்களே, மகளின் விருப்பத்தை எழுதியிருக்கிறீர்கள். தாயாரின் விருப்பத்தைக் கேட்டீர்களா?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சவுக்கில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். துணிமணி வாங்கும் எண்ணம் இருந்தால் ஏமாற்றந்தான். சுற்றிப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் அதுவே அனுகூலம்: நெரிசல் குறைவாக இருக்கும், பழைய மாளிகைகளின் மேல்தளச் சாளரங்களை நின்று பார்க்க முடியும். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரையிலான பிரதான சாலையில் பகல் நேரத்தில் மோட்டார் வாகனங்களை அனுமதிப்பதில்லை. தாயாருக்காக ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பேசிக்கொள்ளுங்கள். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசி முடிப்பது நல்லது.

ஜும்மா மசூதி மேட்டின்மேல் கட்டப்பட்டது. எந்த வாசல் வழியாகச் சென்றாலும் முப்பதுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவரை அங்கே ஏற்ற வேண்டாம். நீங்களும் மகளும் போய்வரும் வரை அவர் ரிக்‌ஷாவிலேயே இருக்கலாம்.

வாடகைக் கார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெற்குச் சுற்றுக்குக் கார், வடக்கிற்கு மெட்ரோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். குதுப் மினார் என்ற பெயரில் மெட்ரோ நிலையம் இருந்தாலும் அங்கிருந்து நினைவுச்சின்னம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல்; பெயரை நம்பி இறங்கி நடப்பவர்களை அன்றாடம் பார்க்கலாம். மாறாக, ஊதாத் தடத்தில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் கோட்டை எதிரிலேயே இருக்கிறது. எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. பெட்டிகளில் மூத்த குடிமக்களுக்கான இருக்கைகளும் உண்டு, கேட்டால் எழுந்து இடம் தருவார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, நான் பட்ட அனுபவத்திலிருந்து. முதன்முறை வந்தபோது, புது தில்லி ரயில் நிலைய வாசலில் ஒருவர் என் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘உங்கள் விடுதி இருக்கும் தெரு இன்று அடைக்கப்பட்டிருக்கிறது, அரசுச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்’ என்று கரிசனத்தோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆட்டோ போய் நின்ற இடம் அரசு அலுவலகமே அல்ல, ஒரு தனியார் பயண முகமை. சுவரில் இந்திய வரைபடமும் மேசையில் தேசியக் கொடியும் இருந்ததால் நான் முக்கால் மணி நேரம் நம்பி உட்கார்ந்திருந்தேன். தெரு அடைப்பு என்று யார் சொன்னாலும் உங்கள் விடுதிக்கே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

பொருநை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பாதசாரி அவர்களின் கேள்வி சற்றே சுட்டது. உண்மையில் நான் தாயாரிடம் கேட்கவில்லை. தாஜ்மகால் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். நேற்றிரவு கேட்டேன். ‘தாஜ்மகால் இருக்கட்டும்டா, காந்தியைச் சுட்ட இடம் தில்லியில்தானே இருக்கு, அதைப் பார்க்கணும்’ என்றார். தாத்தா வேலூர்ச் சிறையில் இருந்தவர். 1948-இல் செய்தி வந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. என் பட்டியலில் அந்த இடமே இல்லை. ராஜ்காட் என்பது அதுதானா? அங்கே படிகள் இருக்குமா?

கரோல்பாக்வாசி எழுதியது:

ராஜ்காட் அல்ல. ராஜ்காட் அவரது உடல் எரியூட்டப்பட்ட இடம். யமுனைப் பக்கம், செங்கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது. சுடப்பட்ட இடம், அப்போது பிர்லா மாளிகை என்று அழைக்கப்பட்ட வீட்டின் தோட்டம். இன்று அது காந்தி ஸ்மிருதி. அந்தச் சாலைக்கே தீஸ் ஜன்வரி மார்க், அதாவது ஜனவரி 30 சாலை என்றுதான் பெயர். தம் வாழ்வின் கடைசி 144 நாட்களை அவர் அங்கேதான் கழித்தார். நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை, எனவே உங்களுக்குச் சிக்கலில்லை. மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் தங்கியிருந்த அறையை, தரையில் விரித்த படுக்கையும் தாழ்வான எழுத்து மேசையும் கைத்தடியுமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த அறையிலிருந்து வழிபாட்டு மேடையை நோக்கி அவர் கடைசியாக நடந்த வழியில், கல்லில் செய்த பாதச் சுவடுகளைப் பதித்திருக்கிறார்கள். புல்வெளியின் ஓரமாக வளைந்து போகும் அந்தச் சுவடுகள் ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே ஒரு சிறு தூண். வழி பெரும்பாலும் சமதளந்தான்; இடையில் சில தாழ்வான படிகள் வரலாம். தாயார் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார்.

அப்படியானால் ஞாயிறு இப்படி இருக்கட்டும்: காலை செங்கோட்டை, சாந்தினி சவுக்கில் ரிக்‌ஷா, சாப்பாட்டுக்குப் பின் விடுதியைக் காலி செய்து பெட்டிகளோடு காரில் காந்தி ஸ்மிருதி, அங்கிருந்து விமான நிலையம். செங்கோட்டைக்குள் 2019-இல் திறந்த நேதாஜி அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். இந்திய தேசிய இராணுவ வீரர்கள்மீதான விசாரணை 1945-இல் அந்தக் கோட்டைக்குள்தான் தொடங்கியது. அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். மகளுக்கு முகலாயரோடு இதையும் காட்டலாம்.

பாதசாரி எழுதியது:

ஆக்ராவுக்காக வாதாடிய நான் தோற்றதில் மகிழ்ச்சியே. இரண்டு சிறு குறிப்புகள் மட்டும். செங்கோட்டைக்கும் குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். 15 வயதுக்குட்பட்ட மகளுக்குச் சீட்டு வேண்டாம், வயதைக் காட்ட ஏதேனும் ஒரு சான்று கையில் இருக்கட்டும்.

திரும்பும் விமானம் எந்த முனையத்திலிருந்து என்று சனிக்கிழமை இரவே பார்த்துவையுங்கள். முதல் முனையமும் மூன்றாம் முனையமும் அடுத்தடுத்த கட்டடங்கள் அல்ல, பல கிலோமீட்டர் இடைவெளி. ஞாயிறு மாலை காரில் ஏறியபின் ஓட்டுநர் ‘எந்த டெர்மினல்?’ என்று கேட்கும்போது பையில் சீட்டைத் தேடும் நிலை வரக்கூடாது.