சிறுகச் சிறுகச் சேர்த்த மளிகை: எங்கள் அனுபவங்கள்

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு என் கணவருக்கு வேலை போனது. அடுத்த வேலை கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. வாடகையையும் பிள்ளைகளின் கட்டணத்தையும் சேமிப்பிலிருந்து எப்படியோ கட்டிவிட்டோம். மளிகைக்குத்தான் வாரா வாரம் தவித்தோம். அரிசி டப்பாவின் அடி தெரியும்போது வயிற்றில் எழும் கலக்கம், அதைப் பட்டவர்களுக்குத் தெரியும். புது வேலையின் முதல் சம்பளம் வந்த அன்றே, இனி அந்த நிலை இந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று உறுதி எடுத்தேன்.

ஆனால் அவசரப்பட்டுவிட்டேன். ஒரே நாளில் பெரிய மூட்டையாக அரிசியும் பருப்பும் வாங்கி, வந்த பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். இரண்டு மாதத்தில் அரிசி முழுக்கக் கூன்வண்டு. வெளியிலிருந்து ஏறியது என்று எண்ணி அறையையே கழுவிவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அது அரிசியோடேயே வீட்டுக்குள் வந்திருக்கிறது. பெண் வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, அந்தத் துளையையும் அடைத்துவிடும். பார்த்தால் நல்ல அரிசிதான். வெப்பமான அறையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் உள்ளேயே புழுவாகி, வண்டாகி வெளியே வரும். அன்று தூக்கி எறிந்தது அரை மாதச் சம்பளம். அழுதேன்.

அதன்பின் மூட்டை வாங்கவில்லை. வழக்கமாக வாங்கும் பொருட்களில் ஏதாவது ஒன்றை மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கினேன். இந்த வாரம் உப்பு, அடுத்த வாரம் பருப்பு, அதற்கடுத்து எண்ணெய். கையில் பணம் இறுக்கமான வாரத்தில் எதுவும் கூடுதலாக வாங்கவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. பத்து மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, இரண்டு மாதத்துக்குத் தேவையானது அலமாரியில் இருந்தது.

தானியம் எது வாங்கினாலும் முதலில் உறைநிலைப் பெட்டியில், மைனஸ் 18 டிகிரியில், ஒரு வாரம் வைப்பேன். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்த உடனே பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த தானியத்தில் காற்றின் ஈரம் படிந்து பூஞ்சணம் வர வழிசெய்யும். அறையின் சூட்டுக்கு வரும்வரை கட்டியபடியே விட்டு, பிறகு காற்றுப்புகாத டப்பாவில் கொட்டுங்கள். டப்பாவின் மேல் வாங்கிய மாதத்தை எழுதுங்கள். புதியது பின்னால், பழையது முன்னால்.

இன்னொரு இழப்பையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்று எங்கள் வீட்டில் யாரும் தொடாத டின் உணவுகளை ஒரு பெட்டி நிறைய வாங்கினேன். காலாவதித் தேதி நெருங்கியபோது அப்படியே தானமாகக் கொடுத்தேன். வீட்டில் அன்றாடம் உண்பதைத் தவிர வேறெதையும் இப்போது சேர்ப்பதில்லை.

* * *

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. ஓய்வூதியத்தில் தனியாக வாழ்பவன் நான். தவிடு நீக்காத அரிசி உடம்புக்கு நல்லது என்று ஓர் ஆண்டுக்கு வேண்டியதைச் சேர்த்துவைத்தேன். ஏழாவது மாதம் டப்பாவைத் திறந்தால் சிக்கு வாடை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது ஆறு மாதத்துக்கு மேல் தாங்குவது கடினம். வெள்ளை அரிசியோ ஈரமும் காற்றும் படாமல் இருந்தால் பல ஆண்டு கெடாது. இப்போது தவிட்டரிசியை அந்தந்த மாதத்துக்கு வாங்கிக்கொண்டு, வெள்ளை அரிசியை மட்டும் இருப்பில் வைக்கிறேன்.

பயறு வகைகளிலும் ஒரு பாடம் உண்டு. சமையலறையில் அடுப்புக்கு மேலிருந்த பரணில் வைத்த பயறு, மூன்றாம் ஆண்டில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மெத்தென்று ஆகவில்லை. சூடும் ஈரமும் சேர்ந்தால் பயறு அப்படி இறுகிவிடும். அதே நாளில் வாங்கி, குளிர்ந்த இருட்டறையில் வைத்தது நன்றாகவே வெந்தது. இடத்துக்குத் தனியே காசு செலவில்லை, ஆகவே முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். தானியம் வைத்த வாளிகளைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்க வேண்டாம்; அடியில் ஈரம் கோக்கும். பலகை போட்டு, சுவரிலிருந்தும் சற்றுத் தள்ளி வையுங்கள்.

தண்ணீரை மறக்க வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் என்று கணக்கிட்டு, மூன்று நாளுக்காவது வைத்திருக்கிறேன்.

* * *

உணவு கெடாமலிருக்க டப்பாவுக்குள் போடும், ஆக்சிஜன் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். அதில் இருப்பது இரும்புத்தூள். அரிசிக்கு அருமையானது. சர்க்கரையில் போட்டேன், கல்லாக இறுகிவிட்டது. சர்க்கரைக்கும் உப்புக்கும் அது தேவையே இல்லை, ஈரம் படாமல் மூடிவைத்தால் போதும். ஈரப்பதம் உள்ள உணவில் போடவே போடாதீர்கள். பொட்டுலினம் நச்சை உண்டாக்கும் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். வாடையோ நிறமோ மாறாமலே ஆளைக் கொல்லக்கூடிய நச்சு அது. உப்பிய டின்னையும் சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி.

* * *

ஐயா, வாளிகளைத் தரையில் வைக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னபிறகு போய்ப் பார்த்தேன். எங்கள் வாளிகள் தரையில்தான் இருக்கின்றன. ஒன்றின் அடி நனைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பருப்புக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை. பழைய கட்டிலின் பலகைகள் இரண்டு இருக்கின்றன, நாளைக் காலை அவற்றைப் போட்டு வாளிகளை அதன்மேல் ஏற்றிவிடுகிறேன்.