புதுப்பிப்பு: பெயரில் இடைவெளி உள்ள கோப்புகள், பாஷ் ஸ்கிரிப்ட் – தீர்ந்தது

காரைக்குடி வீடுகளின் படங்களை வேறு வட்டுக்கு நகலெடுக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் (பாஷ் என்பது கட்டளைகளை வாங்கி இயக்கும் ஒரு ஷெல் நிரல்), "ஆத்தங்குடி கல் முற்றம்.ஜேபிஜி" மாதிரிப் பெயர்களில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது முழுதாக ஓடுகிறது.

பலித்தது, கோப்பை நகலெடுக்கும் சிபி (cp) கட்டளையில், கோப்பின் பெயரைத் தாங்கும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கச் சொன்ன யோசனைதான். மேற்கோள் இல்லாவிட்டால் பாஷ் அந்தப் பெயரை இடைவெளியில் வெட்டி மூன்று கோப்புகளாக சிபியிடம் கொடுக்கிறது. ஒற்றை மேற்கோள் உதவாது; மாறியின் முன்னால் வரும் டாலர் குறி விரியாமல், அதாவது மாறியின் மதிப்பாக மாறாமல், வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். அப்புறம், கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் (for) வரியில், கோப்புப் பட்டியல் தரும் எல்எஸ் (ls) கட்டளையின் வெளியீட்டை எடுத்துவிட்டு, எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறியை (*) நேரடியாகப் போட்டேன். அதில் விரியும் பெயர்களை ஷெல் மறுபடி வெட்டுவதில்லை. இது ரொம்ப நல்ல ஏற்பாடு.

எதிர்பாராதது ஒன்று: தேவகோட்டை நண்பரின் மேக் டெர்மினலில் பழைய சிபி வரியை மட்டும் ஒட்டினால், மேற்கோள் இல்லாமலே சிபி ஓடியது. 2019 முதல் மேக்கில் இயல்பாக வருவது பாஷ் அல்ல, இசட்எஸ்எச் (zsh) என்ற வேறு ஷெல். அது மாறியின் மதிப்பைத் தானாக வெட்டாது.

இன்னொன்று, "-பழைய கதவு.ஜேபிஜி" என்று சிறுகோட்டில் தொடங்கிய கோப்பு. மேற்கோள் போட்டாலும் சிபி அதைக் கோப்பாக அல்ல, ஆப்ஷன் (கட்டளைக்கான கூடுதல் குறிப்பு) என்றே எடுத்துக்கொண்டது. நட்சத்திரத்துக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்ததும் (./*) சரியாகிவிட்டது.