மறுமொழி: 'சப்மிஷன்'க்கு என்ன சொல் வைக்கலாம்? 'வரத்து' பத்தி என் கருத்து

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாம சேந்து நடத்துற தமிழ் இணையதளத்துல, கட்டுரையை அனுப்புற 'சப்மிட்' பட்டனுக்கும், அனுப்புன கட்டுரை வெளியாகுற வரைக்கும் இருக்கற நிலைக்கும் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கறது தான் இந்த இழையோட கேள்வி.

'சமர்ப்பிப்பு'ன்னே வச்சிடலாம், எல்லாருக்கும் புரியும்னு பொள்ளாச்சி அண்ணன் எழுதியிருந்தாரு. புரியும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தச் சொல் நம்ம பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் எங்க புழங்குதுன்னு கொஞ்சம் பாருங்கண்ணா. கேரளாவுல தமிழ்க்காரங்களும் கன்னடக்காரங்களும் அவங்கவங்க மொழியிலயே அரசாங்கத்துக்கு எழுதலாம்னு 1969 ஆட்சிமொழிச் சட்டத்துல இருக்கு, அதை வச்சு நாம எழுதுற மனுவெல்லாம் 'பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்'னு தான் போய் நிக்குது. அதே சொல்லை இங்கயும் பட்டன்ல போட்டா கட்டுரை எழுதுறவங்களும் மனு கொடுத்துட்டு வாசல்ல நிக்கிறவங்க மாதிரி ஆயிடுவாங்க. எழுத ஆள் கிடைக்கிறதே பெரிய பாடா இருக்கற இடத்துல நாம அப்படி கூப்பிடக்கூடாதுங்கறது என் எண்ணம்.

பட்டனுக்கு 'அனுப்பு' போதும். அதுக்கு மேல எதுவும் வேண்டாம். அக்ஷயா சென்டர்ல, அதான் கேரள அரசோட இ-சேவை மையத்துல, ஸ்காலர்ஷிப் போடப் போறவங்க கூட "அனுப்பியாச்சா?"ன்னு தான கேக்கறாங்க. இதுல யாரும் சண்டை போட மாட்டீங்கன்னு நெனைக்கிறேன்.

சிக்கல் பட்டன்ல இல்ல, பட்டன் அமுக்குனதுக்கு அப்புறம் தான். நம்ம தளம் ஓடுற வேர்ட்பிரஸ் மென்பொருள்ல பங்களிப்பாளர்னு கணக்கு குடுத்தா அவங்க எழுதலாம், தன்னோட வரைவைத் திருத்தலாம், ஆனா வெளியிட முடியாது, அனுப்புனதும் கட்டுரை 'பென்டிங் ரிவ்யூ', அதாவது யாராவது பாக்கறதுக்காகக் காத்திருக்கற நிலையில போய் உக்காந்துக்கும், குழு பாத்து வெளியிட்ட பிறகு எழுதுனவங்களே திருத்தணும்னாலும் நம்மகிட்ட தான் வரணும். இந்த இடைநிலை நமக்குக் கட்டாயம் வேணும். உதாரணத்துக்கு ஆழியாறு தண்ணி பத்தி ஒருத்தர் எழுதறாருன்னு வைங்க. தமிழ்நாடும் கேரளாவும் 1970ல போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில நம்ம சித்தூர்ப் பக்கத்துக்கு வருசத்துக்கு 7.25 டிஎம்சி வரணும். அவசரத்துல புள்ளி இடம் மாறி 72.5ன்னு விழுந்துச்சுன்னா, அது அப்படியே வெளிய போய் வாட்ஸ்அப்புல ரெண்டு மாநிலத்துலயும் சுத்த ஆரம்பிச்சிட்டா யாரு புடிச்சு நிறுத்தறது? ஒரு ஆள் பாத்துட்டு விடணும். அந்த நேரத்துல எழுதுனவருக்கு திரையில என்ன தெரியணும்ங்கறது தான் நம்ம கேள்வியே.

'நிலுவை'ன்னு மறையூர் தம்பி சொன்னது அகராதிப்படி சரிதான் தம்பி, ஆனா நிலுவைன்னாலே கரண்டு பில்லும் சொசைட்டிக் கடனும் தான் ஞாபகத்துக்கு வரும், "உங்கள் கட்டுரை நிலுவையில் உள்ளது"ன்னா எழுதுனவங்க ஏதோ கட்ட வேண்டியது பாக்கி இருக்குன்னு நெனச்சுக்குவாங்க. வேலை பாக்கி இருக்கறது நம்ம பக்கம், அவங்க பக்கம் இல்ல.

நான் சொல்ற சொல் 'வரத்து'. வேலந்தாவளம் காய்கறி மார்க்கெட்டுல காலையில போனா முதல் கேள்வியே "இன்னைக்கு வரத்து எப்படி?"ங்கறது தான். வண்டியில இருந்து தக்காளிப் பெட்டியும் புடலங்காக் கட்டும் எறங்கிருச்சு, இன்னும் விலை படியல, யாரும் எடுத்துட்டுப் போகல, ஆனா வந்து சேர்ந்தாச்சு, யாரோடதுன்னு கணக்கும் எழுதியாச்சு. அந்த நிலைக்குப் பேரு தான் வரத்து. அணைக்கு நீர்வரத்துன்னு பேப்பர்ல தினமும் படிக்கிறோம், மதுரைக்காரங்களுக்கும் யாழ்ப்பாணத்துக்காரங்களுக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்ல. வரத்துப் பட்டியல், இன்றைய வரத்து, வரத்தில் உள்ளதுன்னு எப்படி நீட்டுனாலும் நாக்குல தடுக்காது.

இப்ப கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுப்புன கேள்விக்கு வர்றேன், இத்தனை நாள் இழைல வந்ததுலயே எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது அது தான். மலையாளத்துல 'வரத்தன்'னா வெளியூர்லேர்ந்து வந்தவன், இந்த மண்ணுக்காரன் இல்லாதவன். தலைமுறை தலைமுறையா இங்கயே கெடந்தும் அந்தச் சொல்லைக் கேட்டு வளந்தவங்க நம்மள்ல நிறைய பேர், தமிழ் மீடியத்துல படிக்கிற புள்ளைங்களும் கேக்கறாங்கன்னு டீச்சர் எழுதுனது உண்மை. அதனால சொல்லையே விட்டுடணும்ங்கறாங்க. டீச்சர், உங்க வருத்தத்தை நான் லேசா எடுத்துக்கல. ஆனா வரத்துங்கறது நம்ம சொல்லுங்க, ஆத்துக்கும் சந்தைக்கும் நம்ம பாட்டன் காலத்துலேர்ந்து சொல்லிட்டு வர்றது, ஒரு வசவுக்குப் பயந்து அதைக் கைவிட எனக்கு மனசு வரல. அதுக்குப் பதிலா ஒரு கட்டுப்பாடு வச்சுக்கலாம். வரத்துங்கறது கட்டுரைக்கு மட்டும் தான் சொல்லணும், ஆளுக்கு எந்த இடத்துலயும் ஒட்டக்கூடாது. 'வரத்தாளர்', 'வரத்தர்'னு யாராவது ஆசையா உருவாக்குனா அப்பவே தடுத்துடணும். ஆளுக்கு 'எழுதியவர்', அவ்வளவு தான். இதுக்கு டீச்சர் சரின்னு சொல்லாம தளத்துப் பக்கத்துல ஏத்த வேண்டாம்னு தளத்தைப் பாத்துக்கற தம்பிகிட்ட கேட்டுக்கறேன்.

வரைவுக்கு 'கரடு' வைக்கலாம்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. வில்லேஜ் ஆபீஸ்ல ஒட்டுற வோட்டர் பட்டியல்ல மலையாளத்துல கரட்னு தான் இருக்கு, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிட்டா அதே பட்டியலுக்கு வரைவுன்னு பேரு. கரடு அழகான சொல்லு, எனக்கும் புடிக்கும், ஆனா 'வரைவு' எல்லாத் தமிழர்கிட்டயும் ஏற்கெனவே ஊன்றிப் போச்சு. இல்லாத இடத்துல தான் புதுசு வைக்கணும்.

'ரிஜெக்ட்'க்கு நிராகரிப்பு வேண்டவே வேண்டாம். 'திருப்பி அனுப்பியது'ன்னு இருக்கட்டும், பக்கத்துல காரணம் எழுதற பெட்டி காலியா இருந்தா பட்டனே வேலை செய்யக்கூடாது. ரெண்டு வரி எழுதச் சோம்பல்படுறவங்க குழுவுல இருக்க வேண்டாம்.

குழுவுல இருக்கறவங்களை 'ஆசிரியர்'னு போட்டா நம்ம ஆளுங்கள்ல பாதிப்பேர் நெசமாவே பள்ளிக்கூட ஆசிரியர், குழப்பம் வரும். 'தொகுப்பாளர்'னு வைக்கலாம், விக்கிபீடியாவுல 'தொகு'ன்னு பழகுனதால எளிதா ஒட்டிக்கும். ஒரு தொகுப்பாளர் கட்டுரையைக் கையில எடுத்ததும் 'வரத்தில்'லேர்ந்து 'பார்வையில்'னு மாறணும், அப்ப தான் யாரோ படிக்கிறாங்கன்னு எழுதுனவருக்குத் தெரியும். வேர்ட்பிரஸ்ல இந்த ரெண்டாவது நிலை தானா வராது, தனியாச் சேக்கணும். தம்பி, அது உன்னால முடியுமா பாரு.

இன்னொன்னு, சொல் சம்பந்தப்படாதது ஆனா விட முடியாதது. பெரியவங்க பல பேரு இன்னும் பாமினிங்கற, யூனிகோடுக்கு முந்தின பழைய எழுத்துருவுல தான் அடிக்கிறாங்க, அதை அப்படியே பெட்டில ஒட்டுனா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா வந்து நிக்கும், அவங்க பயந்து போய் ஜன்னலை மூடிட்டுப் போயிடுவாங்க. ஒட்டுன உடனே யூனிகோடா மாத்திக் காட்ட வழி பண்ணணும். போட்டோவும் அப்படித்தான், பங்களிப்பாளர் கணக்குல படம் ஏத்த இயல்பா அனுமதி கிடையாது, திறந்து விடணும்.

'ரிவிஷன்'க்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கல. 'திருத்தம்'னா தப்பைச் சரி பண்ணதுன்னு மட்டும் ஆகுது, நமக்கு வேண்டியது பழைய வடிவம் ஒவ்வொண்ணையும் குறிக்கிற சொல். 'பழம்படி'ன்னு தோணுச்சு, படிங்கறது நகல்ங்கற அர்த்தத்துல. ஒத்துவருமான்னு சொல்லுங்க.