பீர்க்கங்கொடியைப் பிடுங்கிவிடலாமா?

கேள்வி: மாடியில் ஆடிப்பட்டத்துக்குப் போட்ட பீர்க்கை கார்த்திகை வரை நன்றாகக் காய்த்தது. மார்கழி பிறந்ததிலிருந்து அடி இலையெல்லாம் மஞ்சள், வருகிற ஒன்றிரண்டு பிஞ்சும் விரல் நீளத்திலேயே வளைந்து வெம்பிவிடுகிறது. உரம் வைத்தால் தேறுமா? பிடுங்க மனசே வரவில்லை.

பதில்: உரம் வேண்டாங்க. காம்பில் பிஞ்சு இல்லாத ஆண் பூவாகவே வந்து, நுனித்தளிரும் நின்றிருந்தால் கொடிக்கு வயதாகிவிட்டது. ஐந்து மாதம் அதற்கு நல்ல ஆயுள்தான்.

பதில்: முற்றிய காய் ஏதாவது இருந்தால் பறிக்காதீர்கள். தோல் பழுப்பாகி, ஆட்டினால் விதை கலகலவென்று கேட்கும்வரை கொடியிலேயே காயட்டும், விதையும் ஆச்சு, தேய்த்துக் குளிக்க நாரும் ஆச்சு. அப்புறம், பக்கத்தில் அவரை இருந்தால் அதில் கை வைக்காதீர்கள், பனிக்குத்தான் அது கொத்துக்கொத்தாகப் பூக்கும்.

கேட்டவர்: சரிங்க, இலைமறைவில் ஒரு முற்றல் இருக்கிறது, விட்டுவைக்கிறேன்.