அம்மாளுக்கு முதுகுத்தண்டுல ஸ்க்ரூ போடோணும், எலும்போ ரொம்ப வீக் – ரோபோவா, கையிலயா?

கோபி_காட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கம்மாளுக்கு வயசு 71. ரொம்ப நாளாவே இடுப்புல இருந்து எடது காலுக்கு இழுத்துப் புடிக்குதுன்னு சொல்லீட்டு இருந்தாங்க, இப்ப சாளையில இருந்து கட்டுத்தரைக்குப் போறதுக்குள்ளயே நடுவுல உக்காந்துக்கறாங்க. எம்ஆர்ஐ எடுத்துப் பாத்ததுல இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல எல்4-ங்கற எலும்பு அதுக்குக் கீழ இருக்கற எல்5 மேல முன்னால நகந்திருக்குது, நரம்பு போற தடம் சுருங்கீருச்சு, ஸ்க்ரூ போட்டு நிறுத்தோணும்னு சொல்லீட்டாங்க. சிக்கல் என்னன்னா எலும்பு எவ்வளவு கெட்டின்னு அளக்கற டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர்ங்கற நம்பர் மைனஸ் 3.4 வந்திருக்குது, எலும்பு ரொம்ப வீக்குன்னு அர்த்தமாம்.

கோயமுத்தூர்ல ரெண்டு எடத்துல காட்டுனோம். ஒரு டாக்டரு, எலும்பு வீக்கா இருக்கறவங்களுக்கு ரோபோதான் சேஃப்புன்றாரு, அதுக்குத் தனியா ஒரு லட்சத்துக்கு மேல ஆகுமாம். இன்னொருத்தரு, அதெல்லாம் வேண்டாங்க நான் கையிலயே போட்டர்றேன், புடிமானத்துக்கு எலும்புக்குள்ள சிமெண்ட் வெச்சுக்கலாம்ங்கறாரு. ஒறம்பரைகிட்டக் கேட்டா ஆளுக்கொண்ணு. சித்தப்பா "மெசினை நம்பியா அம்மாளை உட்டுட்டு வருவே"ங்கறாரு, வெளிநாட்டுல இருக்கற மச்சான் ரோபோ இல்லாட்டி ஆப்பரேசனே வேண்டாங்கறான். ஒரே வெசனமா இருக்குதுங்க, யாராச்சும் வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

தாராபுரத்தான்

ஏனுங்க, எங்க மாமனாருக்கு இதே கதைதான், கையிலதான் போட்டாங்க. முடிஞ்ச பொறவு சிடி எடுத்துக் காட்டுனாங்க, ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் நூல் புடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு, குறை சொல்லவே முடியாது. ஆனா ஒரு வருசம் முடியறதுக்குள்ள ரெண்டு ஸ்க்ரூ ஆட்டங் கண்டுருச்சு, எக்ஸ்ரேல ஸ்க்ரூவைச் சுத்தியும் கருப்பா ஒரு வளையம் தெரிஞ்சுது. மறுபடியும் தொறந்து பெரிய சைஸ் போட்டாங்க. அந்த ஆஸ்பத்திரியில மொத ஆப்பரேசனுக்கு முன்னால எலும்பு எப்படி இருக்குதுன்னு ஒருத்தரும் பாக்கலைங்க, டெக்ஸாங்கற பேச்சே வரல.

நம்ம காட்டுல வேலிக்குக் கல்லுக்கால் நடறோம், ரசமட்டம் வெச்சு நெட்டுக்குத்தலாவே நட்டாலும் மண்ணு பொதபொதன்னு இருந்தா மாடு ரெண்டு தடவ ஒரசுனாப் போதும், சாஞ்சுரும், அதுக்குத்தான் அடியில காங்கிரீட் போடறோம். ரோபோ ரசமட்டந்தானுங்க. அதனால "ரோபோ இருக்குதா"ன்னு கேக்கறதுக்கு முன்னால "புடிமானத்துக்கு என்ன பண்ணப் போறீங்க"ன்னு ரெண்டு டாக்டருகிட்டயும் கேளுங்க.

ஓடி_தம்பி

நான் கோயமுத்தூர்ல ஆப்பரேசன் தியேட்டர்ல டெக்னீசியனா இருக்கறனுங்க, எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். ரோபோ தானா முடுக்கும்னு நெறையப் பேரு நெனச்சுக்கறாங்க, உங்க சித்தப்பாவும் அப்படித்தான் பயப்படறாருன்னு நெனைக்கறேன், அப்படியே கெடையாதுங்க. மொதல்ல சிடி எடுத்து கம்ப்யூட்டர்ல எந்த எலும்புக்கு எத்தன மில்லிமீட்டர் தடிமன், எத்தன நீளம், எந்தச் சாய்வுன்னு பிளான் போடுவாங்க, அப்புறம் நோயாளியோட இடுப்பு எலும்புல ஒரு பின் அடிச்சு மெசினுக்கு இதுதான் அடையாளம்னு காட்டோணும், தியேட்டர்ல சி-ஆர்ம்ங்கற எக்ஸ்ரே மெசின்ல எடுக்கற படத்தையும் பழைய சிடியையும் ஒண்ணாப் பொருத்தோணும், அதெல்லாம் சரியா வந்தாத்தான் மெசினோட கை வந்து ஒரு குழாயைக் காட்டிட்டு நிக்கும். அந்தக் குழாய் வழியா ஓட்டை போடறதும் ஸ்க்ரூ முடுக்கறதும் டாக்டர் கைதான்.

வீக்கான எலும்புல ரோபோவுக்கே ஒரு தலைவலி இருக்குது. இடுப்புல அடிச்ச அந்த பின்னே கெட்டியா நிக்காது, யாராச்சும் லேசா இடிச்சுட்டா மெசினுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு தப்பான எடத்தைக் காட்டும். அதே மாதிரி வயசானவங்களுக்கு முதுகெலும்பு மூட்டு வீங்கி சரிவா இருக்கும், ட்ரில் நுனி அதுல பட்டு வழுக்கிப் போயிரும், குழாய் சரியா இருந்தாலும் ஓட்டை தள்ளி வுழும். பழகுன டீமு நடுநடுவுல தெரிஞ்ச ஒரு எலும்பு முனையத் தொட்டுத் தொட்டு சரியாக் காட்டுதான்னு பாத்துக்குவாங்க, பழகாதவங்க ஸ்கிரீனை மட்டும் பாத்துட்டு இருப்பாங்க.

நம்பர் கேப்பீங்கன்னு சொல்றேன். 2012-ல ஜெர்மனியில ஒப்பிட்டுப் பாத்தாங்க, ஸ்க்ரூ எலும்புக்குள்ளயே, இல்லாட்டி 2 மில்லிமீட்டருக்குள்ள வெளிய வந்திருந்தா ஓகேன்னு கணக்கு, அதுல கையில போட்டது 93 சதவீதம் சரி, ரோபோ 85தான். 2019-ல சீனாவுல வேற ஒரு ரோபோ வெச்சு செஞ்ச ஆய்வுல துளிகூட வெளிய வராத ஸ்க்ரூ ரோபோவுல 95.3 சதவீதம், எக்ஸ்ரே பாத்துப் போட்டதுல 86.1. மெசினும் மாறிருச்சு, கையும் மாறிருச்சு. நம்மூர்லயே கங்கா ஆஸ்பத்திரி ராஜசேகரன் டாக்டர் டீமு 2007-ல முதுகு கோணல், கூன் ஆப்பரேசனுக்கு இதைப் பாத்திருக்காங்க, அது ரோபோ இல்ல, கம்ப்யூட்டர் நேவிகேஷன், அதாவது கருவி எலும்புல எங்க போகுதுன்னு ஸ்கிரீன்ல காட்டறது, நேவிகேஷன் இல்லாமப் போட்டதுல 23 சதவீதம் எலும்பைத் தாண்டீருச்சு, நேவிகேஷன்ல 2 சதவீதந்தான். ஆனா இதெல்லாம் ஸ்க்ரூ எங்க போச்சுங்கற கணக்குங்க, ரெண்டு வருசம் கழிச்சு நிக்குதாங்கற கணக்கு இல்ல. எலும்பு வீக்கானவங்களை மட்டும் தனியா எடுத்துப் பண்ணுனதும் இல்ல.

ஸ்பைன்_ஜூனியர்

தாராபுரத்து அண்ணா சொல்றது நியாயந்தான், ஆனா ரோபோவை வெறும் ரசமட்டம்னு தள்ளிட முடியாதுங்ணா. கையில போடறப்ப நாங்க எலும்பு குடுக்கற எதிர்ப்பை வெச்சுத்தான் உள்ள இருக்கறமா வெளிய போயிட்டமான்னு தெரிஞ்சுக்குவோம். மைனஸ் 3.4-ல அந்த எதிர்ப்பே இருக்காது, வெண்ணெய்ல போற மாதிரி போகும், எக்ஸ்ரேலயும் எலும்போட ஓரம் மங்கலாத்தான் தெரியும். மொதல் ஓட்டை தப்பாப் போயி எடுத்துட்டு வேற வழியில போட்டா, இருக்கற கொஞ்சநஞ்ச எலும்பும் கொத்திப் போயிரும், புடிமானம் அங்கதான் போகுது. ஒரே தடவையில சரியாப் போறதுக்கு ரோபோவோ நேவிகேஷனோ ஒதவும். அந்த எலும்புல எவ்வளவு தடிமனான ஸ்க்ரூ போகும்னு முன்னாலயே அளந்து வெச்சுக்கறதும் லாபம், தடிமன் கூடக்கூட புடிமானம் கூடும்.

ஆனா ரோபோ இருந்தா சிமெண்ட் வேண்டாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. சிமெண்ட் உடற ஸ்க்ரூவுல நுனிகிட்ட சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், உள்ள உட்ட சிமெண்ட் அது வழியா எலும்புக்குள்ள பரவி இறுகீரும். சிமெண்ட் ரத்தக் குழாய்ல கசிஞ்சு நுரையீரலுக்குப் போற ரிஸ்க் இருக்குது, அதனால உடறப்ப சி-ஆர்ம்ல லைவ்வாப் பாத்துக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமாத்தான் உடோணும். பின்னால அந்த ஸ்க்ரூவைக் கழட்ட வேண்டி வந்தா பெரிய பாடு, இதையும் கேட்டு வெச்சுக்குங்க.

என்னைக் கேட்டா, கையில போட்டுப் போட்டுப் பழகுன, சிமெண்ட் ஸ்க்ரூவுல அனுபவம் இருக்கற டாக்டரு ஒரு பக்கம், ரோபோ வாங்கி நாலு மாசம் ஆன எடம் ஒரு பக்கம்னா நான் மொதல் ஆள்கிட்டத்தான் போவேன். ரெண்டும் ஒரே எடத்துல கெடச்சா ரோபோவை வேண்டாங்கவும் மாட்டேன்.

பெருந்துறை_அம்மிணி

மருந்தை யாருமே சொல்லலியே! நான் பார்மசிஸ்ட்டுங்க. ஆப்பரேசன் அவசரம் இல்லைன்னா எலும்புக்கு ஊசி போட்டுட்டு அப்புறம் பண்ணலாமான்னு கேளுங்க கண்ணு. டெரிபராடைட்னு ஒண்ணு, புது எலும்பை வளக்கறது, சுகர்காரங்க போட்டுக்கற பேனா மாதிரி தெனமும் 20 மைக்ரோகிராம் வயித்துல போட்டுக்கலாம், அதிகபட்சம் ரெண்டு வருசம், பிரிட்ஜ்ல வெக்கோணும். ஜப்பான்ல செஞ்ச ஆய்வுல அதைப் போட்டுக்கிட்டவங்களுக்கு ஸ்க்ரூ லூசாகறது கம்மியா இருந்துச்சு. முன்னால கேன்சருக்குக் கரண்ட் (ரேடியேஷன்) வெச்சிருந்தா அது ஆகாது, மறக்காம டாக்டருகிட்டச் சொல்லீருங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடற டெனோசுமாப் குடுத்தா, நோம்பி வந்துச்சு காசு இல்லைன்னு ஒரு டோஸை உட்டுறாதீங்க, உட்டா முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்குனவங்க இருக்காங்க. அந்த ஊசிக்கு முன்னால பல்லையும் ஒருக்கா காட்டிருங்க. வைட்டமின் டி பாத்தாச்சா?

டெக்ஸாவையும் முழுசா நம்பீராதீங்க, வயசானவங்களுக்கு முதுகுல எலும்பு முள்ளு வளந்திருந்தா நல்லா இருக்கற மாதிரி பொய்யாக் காட்டும். உங்கம்மாளுக்கு முதுகுல எடுத்தே மைனஸ் 3.4-ன்னா நெசமா அதுக்கும் கீழ இருக்கலாம். எப்படியும் சிடி எடுப்பாங்க, அதுல எல்1 எலும்போட ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு, அதாவது எலும்பு எவ்வளவு அடர்த்தின்னு சிடி காட்டற நம்பர், எவ்வளவுன்னு கேளுங்க, 110-க்குக் கீழன்னா எலும்பு ரொம்ப வீக்குன்னு அர்த்தம்.

கோபி_காட்டுக்காரன்

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. வைட்டமின் டி பாக்கவே இல்லைங்க, நாளைக்கே குடுத்தர்றேன். ஊசி போட்டுட்டு காத்திருந்தா கால் இன்னும் மோசமாயிராதுங்களா? அப்புறம் இன்சூரன்ஸ்ல ரோபோவுக்குத் தருவாங்களா?

ஸ்பைன்_ஜூனியர்

நடந்தா வலி, உக்காந்தா சரியாயிருதுன்னா கொஞ்ச நாள் காத்திருக்கலாமான்னு டாக்டரு பாத்து முடிவு பண்ணுவாரு. பாதம் தொங்குது, செருப்பு நழுவுறது தெரியல, ஒண்ணுக்கு அடக்க முடியல, இதுல எது வந்தாலும் ஊசி கீசின்னு பாக்காம அன்னைக்கே கூட்டீட்டுப் போயிருங்க. இன்னொண்ணு, எலும்பு ரொம்ப நகரலைன்னா, குனிஞ்சு நிமிந்து எடுக்கற எக்ஸ்ரேல ஆட்டமும் இல்லைன்னா, ஸ்க்ரூவே போடாம நரம்பு தடத்தை மட்டும் அகலப்படுத்திட்டு வர்றதும் உண்டு. அந்த எக்ஸ்ரே எடுத்தாங்களா?

தாராபுரத்தான்

இன்சூரன்ஸ் விசயம் நான் சொல்றேன். 2019-லயே இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற இர்டா (IRDAI) ரோபோ ஆப்பரேசனை பாலிசியில இருந்து ஒதுக்கக் கூடாதுன்னு லிஸ்ட்ல சேத்தீட்டாங்க, ஆப்பரேசன் நடக்கறப்ப நரம்பைக் கண்காணிக்கற நியூரோ மானிட்டரிங்கும் அதே லிஸ்ட்ல இருக்குது. ஆனா இவ்வளவுதான் தருவோம்னு கம்பெனி உச்சவரம்பு வெச்சுக்கலாம், பாலிசி பேப்பர்ல அந்த வரியைத் தேடிப் பாருங்க. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்குல ஸ்க்ரூ, சிமெண்ட், ரோபோ மூணுக்கும் தனித்தனியா எஸ்டிமேட் எழுதி வாங்குங்க, "பேக்கேஜ்"னு ஒத்த வரியில எழுதிக் குடுத்தா வாங்கீட்டு வந்தறாதீங்க.